தூது போய்ச் சேர்ந்தது, முகவரி மாறிவிட்டது: முக நரம்பு ஆறுவது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

முகவாதம் வந்து நாலைந்து மாதம் கழித்து சிலருக்கு ஒன்று நடக்கும். அதுவரை தொங்கிக் கிடந்த கன்னத்தில் லேசாக அசைவு வந்திருக்கும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அப்புறம் ஒரு நாள் காலையில் சூடான காபியை ஊத உதட்டைக் குவித்தால், அதே பக்கத்துக் கண் தானாகச் சுருங்கும். சிரித்தால் கண் பாதி மூடிக்கொள்ளும். கண்ணை இறுக மூடினால் வாயோரம் மேலே இழுக்கும். மிகச் சிலருக்கு, சாப்பிட உட்கார்ந்ததும் அந்தப் பக்கக் கண்ணில் நீர் வழியும். ரஷ்ய மருத்துவர் பொகராட் 1928இல் விவரித்ததால் இதற்கு அவர் பெயர் உண்டு. மருத்துவர்கள் பேச்சு வழக்கில் முதலைக் கண்ணீர் என்பார்கள். அழாதவர் கண்ணில் வருகிற நீருக்கு அப்படியொரு பெயர் வைத்தது எனக்கு எப்போதும் உறுத்தும்.

இவர்களுடைய நரம்பு ஆறவில்லை என்று சொல்ல முடியாது. நரம்பு வளர்ந்திருக்கிறது, தசையைத் தொட்டும் விட்டது. உதட்டுக்குப் போக வேண்டிய இழை ஒன்று கண்ணுக்குப் போயிருக்கிறது, அல்லது ஒரே இழை கிளைவிட்டு இரண்டுக்கும் போயிருக்கிறது. அதனால்தான் உதட்டுக்கான உத்தரவைக் கண்ணும் கேட்கிறது.

அறுந்த நரம்பை வளரச் செய்வது உடலிலேயே சுரக்கும் ரசாயனத் தூதர்கள். அப்படியானால் அந்தத் தூதர்களை மருந்தாகக் கொடுத்தால் முகம் நேராகுமா? இந்தக் கேள்வியோடு ஜெர்மனியின் மியூனிக், கொலோன் நகரங்களில் எலிகளின் முக நரம்பை வைத்து நடந்த ஆராய்ச்சிகளைத்தான் இங்கே நிகழ்வாக எடுத்துக்கொள்கிறேன். முதல் பாதியில் கிடைத்த பதில் மிகுந்த நம்பிக்கை தந்தது. இரண்டாம் பாதி அதைப் பெரிய அளவில் திருத்தியது. முகவாதம் வந்தவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் அந்தத் திருத்தம் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எலும்புக்குள் போகும் நரம்பு

முக நரம்பு என்பது ஏழாம் மூளை நரம்பு. மூளைத்தண்டில் பான்ஸ் என்ற பகுதியில் கிளம்பி, காதெலும்புக்குள் சுமார் 3 செ.மீ. நீளமுள்ள ஒரு குழாய் வழியாக வளைந்து வளைந்து போகிறது. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூற்றியலாளர் ஃபலோப்பியோவின் பெயரில் அழைக்கப்படும் அந்தக் குழாய், மிகக் குறுகிய இடத்தில் 0.7 மி.மீ. குறுக்களவுதான் இருக்கும். அங்கே நரம்பு கொஞ்சம் வீங்கினாலும் ஒதுங்க இடமில்லை. நல்லபடியாகத் தூங்கப் போனவர் காலையில் வாய் கோணி எழுந்திருப்பதற்கு இந்த நெருக்கடியைத்தான் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். லண்டனில் சார்லஸ் பெல் 1821இல் இந்த நரம்பைப் பற்றி எழுதினார். அதனால் இந்த வகை முகவாதத்துக்கு பெல் வாதம் என்று பெயர். வீக்கத்துக்குப் பின்னால் உதட்டுப் புண் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் இருக்கலாம் என்ற சந்தேகம் வெகுகாலமாக உண்டு. ஜப்பானிய மருத்துவர்கள் 1996இல், அறுவை சிகிச்சை செய்த 14 பேரில் 11 பேரின் நரம்புத் திரவத்தில் அந்த வைரஸின் மரபுப் பொருளைக் கண்டார்கள்.

காதுக்குப் பின்னால் எலும்பை விட்டு வெளியே வந்ததும் நரம்பு கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் புகுந்து ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. ஒன்று நெற்றிக்கும், ஒன்று கண்ணைச் சுற்றிய தசைக்கும், ஒன்று கன்னத்துக்கும் மேலுதட்டுக்கும், ஒன்று கீழுதட்டுக்கும், ஒன்று கழுத்துக்கும் போகின்றன. சுமார் 10,000 இழைகள். அவற்றில் ஏறக்குறைய 7,000 தசையை அசைப்பவை. பிரிவதற்கு முன் இவை எல்லாமே ஒரே கட்டாகப் பக்கத்தில் பக்கத்தில்தான் கிடக்கின்றன. பின்னால் வரப்போகும் குழப்பத்துக்கு இதுவே வேர்.

பெல் வாதத்தில் பெரும்பாலோர் தானாகவே குணமாகிறார்கள். கோபன்ஹேகனில் பைட்டர்சன் என்ற மருத்துவர், மருந்தே தராமல் கவனித்த 1,701 பேரில் 71 சதவீதம் பேருக்கு முகம் முழுதாகத் திரும்பியது. இவர்களுக்கு நரம்பு நசுங்கியிருக்கும், உள்ளே இழைகள் பெரும்பாலும் உயிரோடு இருந்திருக்கும். மீதிப் பேருக்கு இழைகள் செத்துப்போகின்றன. விபத்திலோ கட்டி அறுவை சிகிச்சையிலோ நரம்பு அறுந்தவர்களுக்கும் அதே கதிதான். ரசாயனத் தூதர்களின் வேலை இந்த இடத்தில் தொடங்குகிறது.

முதல் சில வாரங்கள்

நரம்பை அறுத்தால் அறுந்த இடத்துக்கு அப்பால் உள்ள பகுதி சிதைந்துபோகும் என்று 1850இல் தவளையின் நாக்கு நரம்புகளில் காட்டியவர் அகஸ்டஸ் வாலர். சிதைவு என்றதும் அழிவு என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். உண்மையில் அது பழுதுபார்க்கும் வேலையின் முதல் கட்டம். நாற்று நடுமுன் வயலை உழுது சேறாக்குவதில்லையா, அது போல.

இழையைச் சுற்றி மைலின் என்ற கொழுப்பு உறை போட்டு வந்த ஷ்வான் செல்கள் முதலில் அந்த வேலையை நிறுத்துகின்றன. சி-ஜூன் என்ற புரதம் அவற்றுக்குள் எழும்பி, அவற்றைப் பழுதுபார்க்கும் செல்களாக மாற்றுகிறது. அவை பெருகுகின்றன, வரிசையாக நின்று பாதை போடுகின்றன. கூடவே ரத்தத்தில் உள்ள விழுங்கு செல்களை அழைக்கும் பொருட்களை வெளியே விடுகின்றன. சில நாட்களில் விழுங்கு செல்கள் கூட்டமாக வந்து பழைய மைலினைத் தின்று துப்புரவு செய்கின்றன. துப்புரவு செய்துகொண்டே இன்டர்லூக்கின்-1 என்ற தூதரை விடுகின்றன. அது கிடைத்ததும் நரம்பைச் சுற்றிய செல்கள் என்.ஜி.எஃப். என்ற நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தயாரிக்கின்றன. இந்தச் சங்கிலியை 1987இல் மியூனிக்கில் ஹான்ஸ் தோனனின் ஆய்வகம் எலியின் காலுக்குப் போகும் சயாட்டிக் நரம்பில் காட்டியது. ஒரு செல்லின் அழைப்பு, வந்தவரின் பதில், அந்தப் பதிலுக்கு இன்னொரு வேலை என்று ஒரு கல்யாண வீட்டு ஏற்பாடு மாதிரிதான் இது போகிறது.

என்.ஜி.எஃப். தான் இந்தக் குடும்பத்தில் மூத்தது. முசோலினி காலத்து இனச் சட்டங்களால் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேற்றப்பட்ட ரீட்டா லெவி-மோன்டால்சினி, டூரின் நகரத்து வீட்டுப் படுக்கையறையில் கோழிக் கருக்களை வைத்துத் தொடங்கிய வேலை, பிறகு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் இந்தக் கண்டுபிடிப்பாக முடிந்தது. ஸ்டான்லி கோயனும் அவரும் 1986இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இவ்வளவு பேர் பெற்ற பொருளாக இருந்தும் முகத் தசையை அசைக்கும் நரம்பணுக்களுக்கு, அதாவது மூளைத்தண்டில் இருந்துகொண்டு இந்த இழைகளை அனுப்பும் செல்களுக்கு, என்.ஜி.எஃப். பெரிதாகப் பயன்படுவதில்லை. அதை உள்வாங்கி வளர்ச்சிக்குத் திருப்பும் டிரெக்-ஏ என்ற ஏற்பி அவற்றிடம் இல்லை. வலியை உணரும் நரம்பணுக்களிடம் அது உண்டு. தூதர் வாசல் வரை வந்தாலும் வீட்டில் கதவே இல்லாத நிலை. அதனால், "நரம்பு வளர்ச்சிக் காரணி" என்ற பெயரைப் பார்த்தவுடன் எல்லா நரம்புக்கும் ஆகும் என்று எண்ணிவிடக் கூடாது.

முக நரம்பணுக்கள் கேட்பது வேறு குரல்களை. பி.டி.என்.எஃப்., ஜி.டி.என்.எஃப்., சி.என்.டி.எஃப்., ஐ.ஜி.எஃப்-1 ஆகிய வளர்ச்சித் தூதர்கள் அவற்றில் முக்கியமானவை. இவை எல்லாம் ஒரே நேரத்தில் வருவதில்லை. காயத்துக்குப் பிறகு நரம்பில் பி.டி.என்.எஃப். மெதுவாகத்தான் ஏறும். மூன்று நாள் வரை பெரிய மாற்றம் இருக்காது, மூன்று நான்கு வாரத்தில் உச்சத்துக்கு வரும். ஜி.டி.என்.எஃப். சீக்கிரம் ஏறி, மாதக்கணக்கில் இழை வந்து சேராவிட்டால் வற்றிப்போகும். வளரும் இழை ஒரு நாளைக்கு ஒரு மி.மீ. அளவில்தான் போகிறது. காதுக்குப் பின்னால் இருந்து உதடு வரை வர மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். பாதை போட்டவர்கள் சோர்வதற்குள் வந்து சேர வேண்டும்.

அதே நேரம் மூளைத்தண்டுக்குள் நடப்பது இன்னும் வியப்பு. முயலின் முக நரம்பைப் பிடுங்கிவிட்டு, அதன் நரம்பணுக்கள் மூளைக்குள் உருமாறுவதை ஃபிரான்ஸ் நிஸ்ல் 1892இலேயே பார்த்து எழுதினார். 1968இல் பிளின்ட்சிங்கரும் கியார்க் க்ராய்ட்ஸ்பெர்க்கும் எலியில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தபோது, மைக்ரோகிளியா என்ற சிறு செல்கள் காயம்பட்ட நரம்பணுவுக்கும் அதைத் தொட்டுக்கொண்டிருந்த மற்ற நரம்பு முனைகளுக்கும் நடுவே நுழைந்து, அந்த முனைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுப்பது தெரிந்தது. காய்ச்சலில் கிடப்பவர் அறைக்குள் யாரும் போய்த் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர் கதவைச் சாத்துவது மாதிரி. உள்ளே அந்த நரம்பணு தசையோடு பேசப் பயன்படும் அசிட்டைல்கோலினைத் தயாரிக்கும் நொதியைக் குறைத்துவிடுகிறது. பதிலுக்கு இழையைக் கட்டும் புரதங்களையும் கலனின், சி.ஜி.ஆர்.பி. போன்ற பெப்டைடு தூதர்களையும் கூட்டுகிறது. பேசும் வேலையை விட்டுவிட்டு வளரும் வேலைக்கு அது மாறிவிட்டது. நரம்பணுவில் சி-ஜூன் இல்லாத எலிகளில் இந்த மாற்றம் சரியாக நடக்காமல் முக நரம்பு வளர்ச்சி மோசமானதை ராய்விச்சின் குழு 2004இல் காட்டியது.

மியூனிக், 1990

நம்பிக்கை தந்த பகுதிக்கு வருகிறேன். மியூனிக் அருகே மார்ட்டின்ஸ்ரீட்டில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் மிக்கேல் செண்ட்னர், க்ராய்ட்ஸ்பெர்க், தோனன் மூவரும் செய்த சோதனை அது. பிறந்த எலிக்குட்டி ஆறேழு கிராம்தான் இருக்கும். தோல் இளஞ்சிவப்பு, கண் திறந்திருக்காது. அதன் காதுக்குப் பின்னால் முக நரம்பை அறுத்தால், ஒரு வாரத்துக்குள் அந்தப் பக்கத்து முக நரம்பணுக்களில் பெரும்பகுதி மூளைக்குள்ளேயே செத்துவிடும். வளர்ந்த எலிக்கு இதே வெட்டு வெட்டினால் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்ளும். ஏன் இந்த வித்தியாசம்?

அறுந்த முனையில் ஒரு சின்ன ஜெலட்டின் பஞ்சை வைத்தார்கள். பஞ்சில் சி.என்.டி.எஃப். ஊறியிருந்தது. பிறகு மூளைத்தண்டைச் சீவல் சீவலாக வெட்டி, சாயமேற்றி, இரண்டு பக்கத்தையும் எண்ணினார்கள். சாக வேண்டிய நரம்பணுக்கள் அங்கே உயிரோடு இருந்தன. 1992இல் பி.டி.என்.எஃப். வைத்தும் இதே பலன் கிடைத்தது. ஜி.டி.என்.எஃப். இயக்க நரம்பணுக்களை, அதாவது தசையை அசைப்பவற்றை, காப்பதில் வலுவானது என்று 1994இல் வந்த ஆய்வும், பச்சிளம் எலி, வளர்ந்த எலி இரண்டின் முக நரம்பணுக்களுக்கும் அது உதவுகிறது என்று 1995இல் வந்த ஆய்வும் இதோடு சேர்ந்துகொண்டன.

கேள்விக்கான விடையும் இதிலேயே இருந்தது. வளர்ந்த எலியின் நரம்பில் ஷ்வான் செல்களுக்குள் சி.என்.டி.எஃப். ஏராளமாகச் சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது, பிறந்த குட்டியிடம் அநேகமாக இல்லை. இந்தப் புரதத்துக்கு செல்லை விட்டு வெளியேறும் வழியும் கிடையாது. செல் உடைந்தால்தான் அது வெளியே சிந்தும். காயத்துக்கென்றே உள்ளே பூட்டி வைத்த சேமிப்பு அது. இதை முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் வேறெதுவும் ஓடவில்லை. விதைநெல்லைக் குதிரில் போட்டு வைப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே விளங்கும்.

ஆனால் இதே விடையில் ஒரு எச்சரிக்கையும் இருந்தது, அன்றைக்குப் பலர் அதைக் கவனிக்கவில்லை. வளர்ந்த உயிரில் சேமிப்பு ஏற்கனவே இருக்கிறது. நாற்பது வயதில் முகவாதம் வந்தவரின் பெரும்பாலான நரம்பணுக்கள் சாவதில்லை. அவருடைய சிக்கல் வேறு இடத்தில். பிறந்த எலிக்குட்டியின் பிரச்சினைக்குக் கிடைத்த மருந்தை அவருக்குக் கொடுப்பது, பசி இல்லாதவருக்குச் சோறு போடுவது போலத்தான். ஒரு தூதர் இல்லாவிட்டாலும் மற்றவர்கள் ஈடுகட்டுவதும் உண்டு. ஜப்பானில் மக்கள்தொகையில் 2 சதவீதத்துக்குச் சற்று அதிகமானவர்களுக்கு சி.என்.டி.எஃப். மரபணு இரு பிரதியிலும் வேலை செய்வதில்லை என்று 1994இல் கண்டறிந்தார்கள். அதனால் அவர்களுக்கு நரம்பு நோய் எதுவும் வரவில்லை.

மருந்தாகக் கொடுத்தபோது

இயக்க நரம்பணுக்கள் அழிந்துபோகும் ஏ.எல்.எஸ். நோய்க்கு இந்தத் தூதர்களைத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். சி.என்.டி.எஃப். போட்டவர்களுக்கு எடை குறைந்தது, இருமல் வந்தது, பலன் இல்லை. 1,135 பேரிடம் நடந்த பி.டி.என்.எஃப். சோதனையும் 1999இல் தோல்வி என்றே முடிந்தது. தோலுக்கடியில் போட்டது நரம்பணு வரை போதிய அளவு போய்ச் சேராதது ஒரு முக்கியக் காரணம்.

சரி, நரம்பிலேயே நேராக வைத்தால்? கனடாவில் பாய்டும் டெஸ்ஸா கோர்டனும் எலியின் கால் நரம்பில் 2002இல் பார்த்தார்கள். வெகுநாள் அறுந்து கிடந்த நரம்புக்கு பி.டி.என்.எஃப். குறைந்த அளவில் உதவியது, அதிக அளவில் வளர்ச்சியைத் தடுத்தது. அதிகமானால் அது வேறொரு ஏற்பியைப் பிடித்துக்கொள்கிறது. ஜி.டி.என்.எஃப்.பை ஓரிடத்தில் தொடர்ந்து சுரக்கும்படி மரபணு மாற்றிப் பார்த்தவர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். இழைகள் அங்கே ஓடி வந்தன, சுருண்டு சுருண்டு முடிச்சாகி அங்கேயே தங்கிவிட்டன. தசை வரை போகவே இல்லை. ஆய்வாளர்கள் இதற்கு 'மிட்டாய்க் கடை விளைவு' என்று பெயர் வைத்தார்கள். கடை வாசலிலேயே நின்றுவிட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

கொலோன் எலிகளின் மீசை

எலியின் முகவாதத்தை மீசையில் பார்க்கலாம். எலி நொடிக்கு ஐந்து பத்து முறை மீசையை முன்னும் பின்னும் வீசித் தடவித்தான் உலகத்தை அறிகிறது. அந்த வீச்சை முக நரம்பு நடத்துகிறது. நரம்பை அறுத்து உடனே நுண்தையல் போட்டால், இரண்டு மூன்று மாதத்தில் இழைகள் தசைக்கு வந்துவிடும். ஆனாலும் அந்தப் பக்க மீசை கீழ்நோக்கித் தொங்கி, வீச்சு மிகச் சின்னதாகவே இருக்கும். தையல் நன்றாக இருக்கிறது, நரம்பு வளர்ந்துவிட்டது, மீசை மட்டும் அசைய மறுக்கிறது. அறுவை சிகிச்சை அறிக்கையில் "வெற்றி" என்று எழுதியிருந்தும் கண்ணாடியில் தன் சிரிப்பைப் பார்க்க விரும்பாத மனிதரின் நிலையும் இதுதான்.

கொலோன் பல்கலைக்கழகத்தில் டொய்ச்சின் அங்கெலோவும் ஓர்லாண்டோ குன்டினாஸ்-லிக்கியஸும் அவர்கள் குழுவும் இதற்கான காரணத்தை இரண்டு இடத்தில் தேடினார்கள். முதல் இடம் தையல் போட்ட முனை. அங்கே ஒவ்வொரு இழையும் பல கிளை விடுகிறது. மூன்று நிறச் சாயத்தை மூன்று முகக் கிளைகளில் வைத்தால், ஒரே நரம்பணுவுக்குள் இரண்டு நிறம் போய்ச் சேர்ந்திருக்கும். அந்த ஒரே நரம்பணு இரண்டு கிளைக்கும் இழை அனுப்பியிருக்கிறது என்று அர்த்தம். இவ்வளவு கிளை விடத் தூண்டுவது யார்? வளர்ச்சித் தூதர்கள்தான். 2002இல் ஸ்டிரெப்பல் முதலானோர், பி.டி.என்.எஃப்., என்.ஜி.எஃப். போன்றவற்றை முடக்கும் எதிர்ப்பொருட்களை வெட்டிய இடத்தில் வைத்தபோது கிளைகள் குறைந்தன. தூதரைக் கூட்ட வேண்டும் என்று எல்லோரும் பாடுபட்ட இடத்தில், குறைத்தபோது வழி கொஞ்சம் தெளிந்தது. மியூனிக்கில் உயிர் காத்த அதே பொருள் கொலோனில் குழப்பத்துக்குக் காரணமாக நிற்கிறது. இரண்டு ஆய்வும் சரிதான். முதலாவது பச்சிளம் எலியின் நரம்பணு உயிர் பிழைக்குமா என்று கேட்டது. இரண்டாவது வளர்ந்த எலியின் இழை எந்த வழியில் போகும் என்று கேட்டது.

இரண்டாவது இடம் தசை. நரம்பை இழந்த தசை சும்மா இருப்பதில்லை. நரம்பு முனை தொடும் ஒரே புள்ளியில் குவிந்திருந்த அசிட்டைல்கோலின் ஏற்பிகளைத் தன் மேற்பரப்பு முழுக்கப் பரப்பிக்கொள்கிறது. எந்தப் பக்கமிருந்து யார் கூப்பிட்டாலும் கேட்கட்டும் என்பது போல. கூடவே ஐ.ஜி.எஃப். போன்ற பொருட்களை விட்டு இழைகளை அழைக்கிறது. வந்து சேரும் இழைகள் தசைக்குள்ளும் முளைவிட்டு, ஒரே தசைநாரில் இரண்டு மூன்று முனைகளாகத் தொற்றிக்கொள்கின்றன. வெவ்வேறு நேரத்தில் வரும் வெவ்வேறு உத்தரவுகளைக் கேட்டு அந்தத் தசைநார் எதையும் ஒழுங்காகச் செய்வதில்லை.

இந்த ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த பகுதி. பிறவியிலேயே பார்வை பாதிக்கப்பட்ட ஒரு வகை எலிகளில் இதே வெட்டையும் தையலையும் செய்தபோது, அவற்றின் மீசை வீச்சு முழுதாகத் திரும்பியது. பார்வை இல்லாத எலிக்கு மீசைதான் எல்லாம். அது இடைவிடாமல் மீசையைப் பயன்படுத்த முயன்றுகொண்டே இருந்தது. அப்படியானால் பார்வையுள்ள எலியின் மீசைத் தசையையும் நாமே அசைத்துக் கொடுத்தால்? தினமும் ஐந்து நிமிடம், விரலால் மீசையை முன்னும் பின்னும் மெல்லத் தள்ளிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம். 2007இல் வந்த முடிவு: வீச்சு இயல்பு நிலைக்குத் திரும்பியது. தையல் போட்ட இடத்தில் கிளைகள் குறையவில்லை. தசைநாரில் ஒன்றுக்கு மேற்பட்ட முனைகள் தொற்றுவது மட்டும் குறைந்திருந்தது. மின்சாரம் வைத்து அதே தசையைச் சுருங்க வைத்துப் பார்த்தபோது இந்தப் பலன் கிடைக்கவில்லை. தசைக்கு நரம்பு வந்து சேர்வதுகூட குறைந்தது.

விரல் தொட்டதால் மட்டும் இது நடந்துவிடவில்லை. முகத் தோலின் தொடு உணர்வு ஐந்தாம் நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. முகத் தசைகளில் மற்றத் தசைகளில் இருப்பது போன்ற நீட்சியை உணரும் சுழல் அமைப்புகள் அநேகமாக இல்லாததால், இந்தத் தொடு உணர்வுதான் முகம் எங்கே அசைகிறது என்று மூளைக்குச் சொல்கிறது. ஐந்தாம் நரம்பின் அந்தக் கிளையை வெட்டிவிட்டு விரலால் அசைத்தபோது பலன் இல்லை. இன்னும் ஒரு படி போனார்கள். ஐ.ஜி.எஃப்-1 பாதி அளவே சுரக்கும்படி மரபணு குறைந்த சுண்டெலிகளிலும், பி.டி.என்.எஃப். குறைந்தவற்றிலும் இதையே செய்தார்கள். விரல் எவ்வளவு அசைத்தாலும் மீசை திரும்பவில்லை. 2010இல் வந்த இந்த முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தால், அந்த ஐந்து நிமிடத் தடவல் வேலை செய்தது தூதர்களின் வழியாகத்தான் என்று புரிகிறது. தேவையான இடத்தில், தேவையான அளவில், உடலே அவற்றைப் பயன்படுத்திக்கொள்ள விரல் உதவியிருக்கிறது.

மனித முகத்துக்கு வரும்போது

எலிக்கு ஆனது மனிதருக்கும் அப்படியே ஆகும் என்று நான் சொல்ல மாட்டேன். மனித முகத்தில் தூதர் மருந்து எதுவும் இன்று முக நரம்புக்கென்று வழக்கில் இல்லை. உறுதியாகப் பலன் தருவது முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. ஸ்காட்லாந்தில் 551 பேரிடம் நடந்து 2007இல் வெளியான சோதனையில், ஒரு வேளைக்கு 25 மி.கி. என இரு வேளை, பத்து நாள் இதைச் சாப்பிட்டவர்களில் 94 சதவீதம் பேர் ஒன்பது மாதத்தில் முழுதாகக் குணமானார்கள். சாப்பிடாதவர்களில் 82 சதவீதம். வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தனியாகக் கொடுத்ததில் கூடுதல் பலன் இல்லை. அதனால் வாய் கோணியதும் எண்ணெய் தடவிக்கொண்டு இரண்டு வாரம் காத்திருப்பது பெரிய இழப்பு. மூன்று நாளைக்குள் மருத்துவரிடம் போய்விட வேண்டும். கோணல் பக்கவாதத்தால் வந்ததா என்று அவர்தான் பார்த்துச் சொல்ல முடியும். கை கால் பலம் குறைந்தாலோ பேச்சு குளறினாலோ மூன்று நாள் கணக்கே கிடையாது, அந்த நிமிடமே கிளம்ப வேண்டும்.

தவறான வழியில் ஏற்கனவே இழை போய்விட்டவர்களுக்கு இன்று கைகொடுப்பது பொட்டாக்ஸ் ஊசி. அது செய்வதும் தூதர் வேலைதான், தலைகீழாக. நரம்பு முனையில் எஸ்.என்.ஏ.பி-25 என்ற புரதத்தை வெட்டி, அசிட்டைல்கோலினை வெளியே விடாமல் தடுக்கிறது. கண்ணைச் சுற்றிய தசையில் சில புள்ளிகளில் போட்டால், சிரிக்கும்போது கண் சுருங்குவது மூன்று நான்கு மாதத்துக்கு அடங்கும். பிறகு மறுபடி போட வேண்டும்.

மூடாத கண்ணை மறந்துவிடக் கூடாது. செயற்கைக் கண்ணீர் சொட்டு, இரவில் இமையை மூடி ஒட்டும் பட்டை, இரண்டும் முதல் நாளிலிருந்தே வேண்டும். காது நரம்புக் கட்டியை எடுக்கும்போது சிலருக்கு ஏழாம் நரம்போடு ஐந்தாம் நரம்பும் பாதிக்கப்படும். இமை மூடாது, தூசி விழுந்தாலும் உறுத்தாது. கருவிழி புண்ணாகி, ஆறாமல் போகும். முகத் தசை நரம்பணுக்களுக்குக் கதவில்லாமல் நின்ற அந்த என்.ஜி.எஃப். இங்கே வழி கண்டது. உணர்விழந்த கருவிழிப் புண்ணுக்கு செனெகெர்மின் என்ற சொட்டு மருந்தாக அதை 2018இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். ஒரு நாளைக்கு ஆறு முறை, எட்டு வாரம்.

அப்புறம் பயிற்சி. தொடக்கத்திலேயே பலூன் ஊது, சூயிங்கம் மெல்லு, முகத்தை முழு வலுவோடு இறுக்கு என்று சொல்லி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முழு வலுவில் செய்யும்போது சரியான இழையும் தவறான இழையும் சேர்ந்தே வேலை செய்கின்றன. மூளையும் அந்தக் கூட்டு அசைவையே பழகிக்கொள்கிறது. கொலோன் எலிகளைப் பார்த்த பிறகு, வேக வேகமாக மின் தூண்டல் வைப்பதையும் எனக்கு ஏற்க முடியவில்லை. முகப் பயிற்சியில் தேர்ந்த பிசியோதெரபிஸ்டுகள் செய்ய வைப்பது இதற்கு நேர்மாறு. கண்ணாடி முன்னால் உட்கார வேண்டும். கன்னத்தை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் விரலால் மெல்ல நீவி விட வேண்டும். பிறகு உதட்டைக் கொஞ்சமே கொஞ்சம் குவிக்க வேண்டும், கண் சுருங்கத் தொடங்கும் இடம் வரை. அந்த இடத்தில் நிறுத்தி, கண்ணைத் தளர்த்தி, மறுபடி முதலிலிருந்து. காபி டம்ளர் பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கும். உதடு ஒரு நூல் அளவு குவிந்திருக்க, கண் திறந்தே இருக்கிறதா என்று அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பார்.